பங்கிராஸ் சாப்பிடுவதைப் பார்க்கும் ஆசை

நெஞ்செரிச்சல் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. வயிறு ஓர் அடுப்பு. அடுப்பு என்றால் எரியத்தான் செய்யும். எரியாத அடுப்பைப் பற்றித்தான் வீட்டில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டும். ஆவூர் பங்கிராஸ் இந்த உண்மையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்லி எலும்பைத் தட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டே, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் உலகத்துக்கு அறிவித்தான். உலகத்தின் சார்பில் அப்போது வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அவனுடைய அம்மா மரிய செல்வி. மகன் இத்தனை தட்டியும் எலும்புக்குள்ளிருந்து ஒன்றும் விழவில்லையே என்ற கவலையில் இருந்ததால் அறிவிப்பு அவள் காதில் ஏறவில்லை. இன்னொருத்தி அவன் மனைவி ஜாஸ்பின். தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். அவள் சுவரோடு சாய்ந்து, உள்ளங்கையை நெஞ்சுக்குழியில் வைத்து, சற்றுமுன் சாப்பிட்ட நாலு வாய்ச் சோறு தொண்டைவரை ஏறிவந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைக் கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

பங்கிராஸ் இப்படிச் சொன்னதற்குத் தத்துவம் மட்டும் காரணமல்ல, தொழிலும் காரணம். கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, கருமாதி என்று ஆவூரிலிருந்து விராலிமலை வரை யார் வீட்டில் பந்தி போட்டாலும் அவன்தான் மாஸ்டர். அவனுடைய வேனின் முதுகில், சிறகு விரித்த புறாப் படத்துக்குக் கீழே, ‘பங்கிராஸ் சமையல் – நெஞ்சு எரியாது, நிம்மதி உறுதி’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. இப்படி எழுதிய வேன் வாசலில் நிற்கிற வீட்டுக்குள்ளேயே ஒரு நெஞ்சு எரிவது நல்லதல்ல. ஊர் என்ன நினைக்கும்? அதனால் கல்யாணமான புதிதில் மனைவியிடம் அதிகம் பேசாத பங்கிராஸ், அவள் மாசமான பிறகு அக்கறையாக ஒரு விஷயம் சொல்லிவைத்திருந்தான்.

“வெளியில யாருட்டயும் நெஞ்செரியுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத புள்ள. கேட்டா வாயுன்னு சொல்லு. வாயு ராசாவுக்கும் வரும்.”

சொன்ன மாதிரியே வாயுவும் வந்தது. அதிலிருந்துதான் பகை ஆரம்பித்தது.

அன்று மதியம் ஜாஸ்பின் வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். படுத்தால் எரிந்தது, அதனால் அவளுடைய தூக்கம் அப்போதெல்லாம் உட்கார்ந்த தூக்கம்தான். தலை பின்னால் சாய்ந்து வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வாயிலிருந்து ஏப்பங்கள் வந்துகொண்டிருந்தன. பங்கிராஸ் முதல் ஏப்பத்துக்கு வெளியே வந்தான், அடுத்ததற்குக் கைப்பேசியை எடுத்தான், அதற்கடுத்ததைப் பிடித்துவிட்டான். அது சாதாரண ஏப்பமல்ல. நடுவில் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்த ஏப்பம். ‘எங்க வீட்டுத் தவளை மழை கேக்குது’ என்று ஒரு வரி எழுதி, ‘ஆவூர் பங்கு உறவுகள்’ வாட்ஸப் குழுவில் போட்டான். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தன. வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஆவூர்க்காரர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பங்குத்தந்தை கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பினார். அது யாருக்காக என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஜாஸ்பின் கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பதிலுரைப் பாடல் அவளுடையது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது ‘பங்கிராஸ் பொண்டாட்டி’யாக இருந்தவளை ‘பாடுற ஜாஸ்பின்’ ஆக்கியது அந்தப் பாடல்தான். அடுத்த ஞாயிறு அவள் எழுந்து மைக் முன்னால் போய் நின்றதும், எங்கோ ஒரு பெஞ்சிலிருந்து, “கொர்ர்” என்றது. சின்னச் சத்தம்தான். அதற்குப் பதில்போல அந்தப் பக்கமிருந்து இன்னொரு “கொர்ர்”. சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு, காணிக்கைப் பை போவதைப்போல, கைமாறிப் போனது. அவள் முதல் வரியைப் பாடினாள். அடுத்த வரி வரவில்லை. அடிவயிற்றிலிருந்து எழும்ப வேண்டிய மூச்சு நெஞ்சில் எரிந்துகொண்டு நின்றது. பாடகர் குழுத் தலைவன் அலெக்ஸ் ஆர்மோனியத்தில் அதே கட்டையை அழுத்திக்கொண்டு காத்திருந்தான். பூசை முடிந்ததும் வந்து, “பேறுகாலம் முடிஞ்சு தெம்பா வாங்கக்கா. அதுவரைக்கும் வேற ஆள வச்சுக்கிறோம்” என்று தன்மையாகச் சொன்னான். தன்மையாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கணவனிடம் கேட்டாள். “அந்த வீடியோவ எடுத்துருங்க. எடுத்துட்டு, ‘அவளுக்கு நெசமாவே எரியுது, அதக் கேலி பண்ணுனது தப்பு’ன்னு அதே குரூப்புல ஒரு வரி போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

“சிரிக்கத்தானே போட்டேன். சிரிச்சாங்க. முடிஞ்சு போச்சு.”

“எனக்கு முடியல.”

“எரியுதுன்னு நானே எழுதுனா, வேன்ல இருக்குற எழுத்த யாரு வந்து அழிக்கிறது?”

ஆனாலும் வீடியோவை அழித்துவிட்டதாகச் சொல்லிக் கைப்பேசியைக் காட்டினான். உண்மையிலேயே அதில் இல்லை. தன்னுடைய கைப்பேசியிலிருந்து மட்டும் போகிற மாதிரி அழித்திருந்தான். மற்ற எல்லார் கையிலும் தவளை மழை கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் ஆறுதல் சொல்வதற்காக அதைத் திறந்து காட்டியபோதுதான் ஜாஸ்பினுக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை. அரிசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியெல்லாம் ஒரே ஒரு ஆசை நெஞ்செரிச்சலோடு சேர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது: இவனுக்கு எரிய வேண்டும். எரிகிறது என்று இவன் தன் வாயால் சொல்ல வேண்டும்.

எப்படி என்பது அவளுக்குத் தெரியவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் பொற்கொடி அந்த வாரம் எடை பார்க்க வந்தாள். எடை ஏறியிருக்கவில்லை. பொற்கொடி காரணம் கேட்டாள். ‘வாயு’ என்று ஆரம்பித்த ஜாஸ்பின் பாதியில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். எரிவதை, வெளிக்குப் போகமுடியாமல் காலையெல்லாம் கஷ்டப்படுவதை, ராத்திரி உட்கார்ந்தே இருப்பதை.

“வயித்துல புள்ள இருந்தா குடல் மெதுவாத்தான் வேலை பாக்கும், புள்ள வேற மேல தள்ளும். இதுல பயப்பட ஒண்ணுமில்ல” என்றாள் பொற்கொடி. “தட்டு நெறையத் திங்காத. கொஞ்சம் கொஞ்சமா, பசிக்கிறப்பல்லாம் தின்னு. புளி, காரம், எண்ணெயில பொரிச்சது கொஞ்ச நாளைக்கு வேணாம். தின்ன ஒடனே படுக்காத, அங்கிட்டும் இங்கிட்டும் மெதுவா நட. படுக்குறப்ப தலைமாட்ட ஒசத்திக்க. கீரை, கொய்யா, ஊற வச்ச திராட்சை தின்னு, நாள் பூராத் தண்ணி குடி. இரும்புச் சத்து மாத்திரைனாலதான் கட்டுதுன்னு நீயா நிறுத்திராத, என்னயக் கேளு. கடையில கண்ட மாத்திரையும் வாங்கிப் போட்டுக்காத. ஆனா ஒண்ணு, எரிச்சலோட தலைவலி, கண்ணு மங்குறது, மேல்வயித்துல வலின்னு வந்தா, வெறும் நெஞ்செரிச்சல்தான்னு நெனச்சுக்கிட்டு வீட்ல இருக்காத. ஒடனே வந்துரணும்.”

பங்கிராஸ் வாசலில் வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் பொழுதுபோக்கு கிடைத்தது. அவள் கிண்ணத்தில் கொஞ்சமாகத் தயிர்ச்சோறு எடுத்தால், “கோழி கொத்த ஆரம்பிச்சுருச்சு” என்பான். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால், “திருச்சி ஜங்ஷன் வெயிட்டிங் ரூம்” என்பான். சாப்பிட்டபின் அவள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் மெல்ல நடக்கும்போது, பின்னாலேயே அதே மாதிரி இடுப்பில் கை வைத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவான். சமையல் ஆட்கள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். “ஏட்டம்மா ரோந்து போறாங்க, எல்லாரும் எந்திரிங்கடா” என்பான். நடிப்பில் அவனுக்கு நல்ல திறமை இருந்தது.

வழி மரிய செல்வியிடமிருந்து வந்தது. ஒருநாள் மதியம் பங்கிராஸ் ஒரு கிடாவெட்டு வீட்டு மிச்சத்தைத் தட்டில் குவித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜாஸ்பின் வழக்கம்போலச் சுவரோரம். மரிய செல்விக்கு மனசு கேட்கவில்லை.

“ஏன்டி, ஒனக்கு எது மேலயும் ஆசையே வரலயா? ஒண்ணும் கேக்க மாட்டேங்குற. புள்ளத்தாச்சி ஆசைய அடக்குனா புள்ளைக்குக் காது வடியும். இவன் வயித்துல இருக்கையில நான் மணப்பாறை முறுக்கு கேட்டேன். இவுகப்பா நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தாரு. பொறந்து எத்தன வருசம் இவனுக்கு எடது காது வடிஞ்சுச்சு தெரியுமா? இன்னைக்கும் அந்தப் பக்கம் நின்னு கூப்புட்டாத் திரும்ப மாட்டான்.”

பங்கிராஸின் இடது காது குடும்பத்தின் சொத்து. ஆசையைத் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆவூரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் மரிய செல்வி மகனைக் கூப்பிட்டுத் திருப்பிக் காட்டுவாள். ஜாஸ்பின் அந்தக் காதைப் பார்த்தாள். பிறகு அதற்குக் கீழே மென்றுகொண்டிருந்த தாடையைப் பார்த்தாள். நெஞ்சுக்குழியிலிருந்த கையை முதன்முறையாக எடுத்தாள்.

“ஆச இருக்கு அத்த. சொன்னாச் சிரிப்பீக.”

“சொல்லுத்தா.”

“எனக்குத்தான் திங்க முடியல. அவுக திங்கிறதப் பாக்கணும்போல இருக்கு.”

மரிய செல்வி இதைத் தீர யோசித்தாள். ஆசை பிள்ளைத்தாச்சியுடையதாக இருக்க வேண்டும். அது நிறைவேற வேண்டும். சோறு யார் வாய்க்குள் போக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. “டேய் பங்கிராசு, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுத் தின்னுடா” என்று தீர்ப்புச் சொன்னாள். பங்கிராஸ் உருகிப்போனான். தவளையை மன்னித்து, தன்னுடைய சாப்பாட்டைக் கண்ணாலேயே ருசிக்கிற ஒரு மனைவி. அவன் ஜாஸ்பினைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எலும்பையும் உயர்த்திக் காட்டிச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு ஜாஸ்பினுக்கு ஆசைகள் தினமும் வந்தன. பொற்கொடி எதையெல்லாம் வேண்டாம் என்றாளோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்க்க ஆசைப்பட்டாள். காலையில் பழைய புளிக்குழம்பைச் சுண்டவைத்து இட்லியில் ஊற்றிப் பார்க்க ஆசை. சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி, கூடவே காரச் சட்னி. ராத்திரி பரோட்டா. “பிச்சுப் போட்டு, சால்னாவ நெறைய ஊத்துங்க, முங்கணும்.” கட்டுமாவடியிலிருந்து நண்டும் கருவாடும் கொண்டுவருகிற வியாபாரியை அவளே நிறுத்தினாள். “தண்ணி குடிக்காம சாப்புடுங்க. நடுவுல குடிச்சாப் பாக்க நல்லால்ல.” எல்லாம் முடிந்தபின் கடைசி ஆசை ஒன்று எப்போதும் இருந்தது. “அப்படியே மல்லாந்து படுங்க. நீங்க நிம்மதியாப் படுக்குறதப் பாக்கணும். எனக்குத்தான் குடுத்து வைக்கல.” அவன் தலையணைகூட இல்லாமல் தரையில் விழுவான். அவள் எதிரே நாற்காலியில் சாய்ந்து, தன்னுடைய சின்னக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருப்பாள். இட்லி, கீரைச்சோறு, பூசணிக்காய்க் கூட்டு, ஒரு கொய்யா. பார்க்கப் பார்க்கச் சோறு உள்ளே இறங்கியது. நெஞ்சுவரை வந்து எட்டிப்பார்ப்பது குறைந்தது. அடுத்த முறை பொற்கொடி வந்தபோது எடை ஏறியிருந்தது. “பரவாயில்லயே, நான் சொன்னத அப்புடியே செஞ்சிருக்க” என்றாள். “ஒண்ணு விடலக்கா” என்றாள் ஜாஸ்பின்.

எதிர்த் தரப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது. முதலில் பங்கிராஸ் மல்லாந்து படுப்பதை விட்டு ஒருக்களித்துப் படுத்தான். பிறகு படுத்தவன் திடுமென எழுந்து, வேனைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருவதாகப் போனான். போனவன் நெடுநேரம் வேனைப் பார்த்துக்கொண்டே நின்றான். காலையில் கழிப்பறைக்குள் போனால் வெளியே வர மனமில்லாமல் இருந்தான். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தான். “என்னடா, குளிக்கிறியா?” என்று மரிய செல்வி கேட்டாள். “ஆமா” என்றான். காய்ந்த தலையோடு வெளியே வந்தான். ஆவூர்க் கடையில் ஓமவாட்டர் கேட்டால் அடுத்த பூசைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் விராலிமலைக்குப் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாங்கினான். அதை வேனில் வினிகர் பாட்டில்களுக்கு நடுவில் ஒளித்துவைத்தான். ஜாஸ்பின் அதைக் கண்டுபிடித்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்று முழுக்க அவள் வாய் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

இது பாவமா என்ற கேள்வி அவளுக்கு வரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டபின் யோசித்துப் பார்த்தாள். கட்டின புருசனுக்கு வயிறு நிறையச் சோறு போட்டது பத்துக் கட்டளையில் எதில் வரும் என்று தெரியவில்லை. அதனால் தூங்கப்போகுமுன் ஜெபமாலை சொல்லாமல் விட்டதை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அதோடு, அவள் அவனுக்குக் கதவை அடைத்துவிடவும் இல்லை. அவன் நெஞ்சைத் தடவும்போதெல்லாம் கேட்டாள்.

“எரியுதாங்க?”

“எனக்கா? நல்லாக் கேட்ட.”

“எரிஞ்சா எரியுதுன்னு சொல்லுங்க. எனக்குப் பாத்தது போதும். ஆச தீந்துரும்.”

“சட்ட பட்டன் இறுக்கமா இருக்கு புள்ள” என்று ஒரு பட்டனைக் கழற்றிவிட்டான் பங்கிராஸ். அவள் இன்னொரு பரோட்டாவை எடுத்து வைத்தாள். ஒரு வரி. அவள் கேட்டது அந்த ஒரு வரிதான். அதைச் சொல்வதைவிட ஓர் ஊரே சாப்பிடுகிற அளவைச் சாப்பிடுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. அதை நினைக்கும்போதுதான் அவளுடைய கோபம் புதிதாகக் கிளம்பியது.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். அன்றைக்கே திருக்கோகர்ணத்திலிருந்து அவளுடைய அம்மா வீட்டார் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. வீட்டு முன்னால் பந்தல்; ஏழு வகைச் சோறும் பங்கிராஸே நின்று கிளறினான். கிளறும்போது மூன்று முறை வேன்வரை போய்வந்தான். பாடகர் குழு வந்தது, பொற்கொடி வந்தாள், பங்கு உறவுகள் குழுவில் மஞ்சள் முகம் அனுப்பியவர்களில் உள்ளூரில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். ஜெபம் சொல்லி, சந்தனம் தடவி, வளையல் போட்டு, பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள். “ஒரு பருக்கை போதும், ஆசீர்வாதம் அதுலயும் இருக்கும்” என்று பொற்கொடி பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு கையையும் குறைத்துவிட்டாள். கடைசியாக, பங்கிராஸின் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“பொறந்த வீட்டுக்குப் போற புள்ள. இங்க தீராத ஆச ஏதாச்சும் இருந்தாச் சொல்லிரு ஆத்தா. இன்னைக்குக் கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது.”

ஜாஸ்பின் வளையல் குலுங்காமல் இரண்டு கைகளையும் மடியில் அடக்கிக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு இருக்கு பெரியத்த. அவுகளுக்கு நெஞ்சு எரியுது. எரியுதுன்னு எல்லாரு முன்னாடியும் அவுக வாயால கேக்கணும்.”

பங்கிராஸ் கரண்டியோடு நின்றான். எல்லாத் தலைகளும் திரும்பின. வேனின் முதுகில் சிவப்பு எழுத்து வெயிலில் பளபளத்தது. “இதெல்லாம் திங்கிற ஆசையில சேராது” என்றான். “எம்மா, நீ சொல்லு. இது சேருமா?”

மரிய செல்வியின் வாழ்க்கையில் இப்படியொரு வழக்கு வந்ததில்லை. ஒரு பக்கம் மகனின் தொழில். இன்னொரு பக்கம் பிறக்கப்போகிற பிள்ளையின் காது. அவள் மகனுடைய இடது காதைப் பார்த்தாள், மருமகளின் வயிற்றைப் பார்த்தாள், சோற்று அண்டாக்களைப் பார்த்தாள். “ரெண்டுல ஒண்ணு செய்யிடா” என்றாள். “ஒண்ணு, அவ கேட்டதச் சொல்லு. இல்லேன்னா அவ கையால ஊட்டுறதத் தின்னு. காது விசயத்துல வெளையாடாத.”

“போடுங்க எலைய” என்றான் பங்கிராஸ். கூட்டம் கைதட்டியது.

ஜாஸ்பின் ஊட்டினாள். புளியோதரையில் ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை, ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி, மேலே ஊறுகாய் வைத்து, அவன் வாய் திறக்கும்வரை காத்திருந்து வைத்தாள். ஒவ்வொரு முறையும் கை நிறைய வளையல்கள் குலுங்கின. எலுமிச்சை, தக்காளி, தேங்காய் என்று வகை மாறியது. அவன் நெற்றி முழுக்க வியர்வை. “சொல்லிருங்க” என்று அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், வலது காதுப் பக்கமாகச் சொன்னாள். அவன் தலையாட்டி மறுத்து, வாயைத் திறந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “வெங்காயம்” என்றான் கூட்டத்தைப் பார்த்து. அன்று கிளறிய சோறு எதிலும் வெங்காயம் இல்லை என்பது அங்கிருந்த பெண்கள் எல்லாருக்கும் தெரியும். ஏழும் முடிந்ததும் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். “எங்கங்க எரியுது? ஒண்ணுமில்ல.” மறுபடி கைதட்டினார்கள். ஜாஸ்பின் கையைக் கழுவிக்கொண்டாள். பிசுக்குப் போகவில்லை. திரும்பவும் கழுவினாள்.

சாயங்காலம் அம்மா வீட்டு வண்டி வாசலில் வந்து நின்றது. பெட்டி ஏறியது, பழக்கூடை ஏறியது, மரிய செல்வி அழுதுமுடித்தாள். போய்வருகிறேன் என்று சொல்ல வேண்டிய ஆளைத்தான் காணவில்லை. “அசதியில படுத்துருப்பான்” என்றார்கள். படுக்கை விரித்தபடியே கிடந்தது, படுத்த சுவடு இல்லை. ஜாஸ்பின் கொல்லைப் பக்கம் போனாள்.

கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவே பங்கிராஸ் நடந்துகொண்டிருந்தான். கிணற்றடிவரை போய்த் திரும்பினான். இடுப்பில் ஒரு கையை ஊன்றியிருந்தான். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கால்கள் அகன்று, ஒவ்வோர் அடியும் தரையைக் கேட்டுக் கேட்டு விழுந்தது. அவள் வந்த சத்தம் இடது பக்கமிருந்து வந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து என்னவோ ஏறிவந்து, எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்வரை கண்ணை மூடிக் காத்திருந்தான். கண்ணைத் திறந்தபோது எதிரே அவள் நின்றாள். இடுப்பிலிருந்த கையை எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

“போயிட்டு வாரேன்” என்றாள்.

அவன் தலையசைத்தான். பிறகு சுற்றிலும் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டான். “இது எம்புட்டு நேரம் நடந்தா அடங்கும் புள்ள?”

இந்தக் கேள்விக்காக அவள் எத்தனையோ பரோட்டா எடுத்து வைத்திருந்தாள். கேட்டபின் ஒன்றும் பெரிதாக இல்லை. கொல்லையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருமே இல்லாததால் இருக்கலாம்.

“எனக்கென்ன தெரியும்” என்றாள். “குரூப்புல கேளுங்க. பொற்கொடியக்கா அதுல இருக்காங்க. சொல்லுவாங்க.”

வண்டி கிளம்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும் சந்தில் திரும்பியது. ஜாஸ்பின் கைப்பேசியைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். பங்கு உறவுகள் குழுவில் வளைகாப்புப் படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே ‘பங்கிராஸ் டைப்பிங்’ என்று வந்தது. போய்விட்டது. கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி போனது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொல்லைச் சுவருக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்தது. அது குனிந்தபடியே, மிக மெதுவாக, கிணற்றடி இருக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சுவர் முடிகிற இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு வந்த வழியே திரும்பி நடந்தது.